பெரம்பூரில் வீடு வாங்கப் பத்திரச் செலவு எவ்வளவு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் சிறிய அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, வயதான பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ளும் எண்ணத்தில், பெரம்பூரில் 60 லட்சம் ரூபாய்க்கு மறுவிற்பனை வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்? மனைவி பெயரில் பதிந்தால் குறையுமா? பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்கிறார் தரகர், செய்யலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டின் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால், தங்களுக்கு 5,40,000 ரூபாய் ஆகும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இச்செலவை விலையோடு சேர்த்து வீட்டுக்கடன் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே முன்பணத்தோடு இதையும் கையிலிருந்தே புரட்ட வேண்டும். பல குடும்பங்கள் முன்பணம் கொடுத்த பிறகு தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெண்கள் பெயரில் பதிவதற்கு 2025 ஏப்ரல் முதல் தரப்படும் 1 சதவீதச் சலுகை 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கே உரியது, தங்களுக்குப் பொருந்தாது.

தரகரின் யோசனையை ஏற்காதீர்கள். பதிவுக்கென அரசு அந்தந்தப் பகுதிக்கு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்புக்குக் கீழே காட்டினால் பதிவுத்துறை குறைவுத் தீர்வையை வசூலிக்கும்; அதற்கு மேலே இருந்தாலும், உண்மை விலையை மறைப்பது சட்டப்படி குற்றமாவதோடு, நாளை தாங்கள் விற்கும்போது பத்திரத்தில் உள்ள தொகையே வாங்கிய விலையாகக் கொள்ளப்படுவதால் விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் கூடும்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டை வீட்டை வாங்குபவரும் இதே 9 சதவீதத்தைக் கட்ட வேண்டியிருப்பதால், அதை மனத்தில் வைத்தே விலையைக் குறைத்துப் பேசுவார். ஆக, வீடு மாற்றும் குடும்பத்தை இந்த வரி விற்கும்போதும் வாங்கும்போதும் தொடுகிறது. வேலைக்காகவும் பெற்றோருக்காகவும் இடம் மாறுவோரை இவ்வளவு அழுத்தும் வரி குறைக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பெரம்பூரில் 15 ஆண்டுகள் வசித்தால் இந்த 5,40,000 ரூபாய் மாதம் 3,000 ஆகப் பரவிவிடும்; மூன்றே ஆண்டுகளில் மீண்டும் மாறினால் மாதம் 15,000 ஆகும். நீண்டகாலம் தங்குவது உறுதியில்லை என்றால், இப்போதைய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெரம்பூரில் வாடகைக்குக் குடியேறுவதே மேல்.

வாங்குவதென்றே முடிவானால், விலை 50 லட்சத்துக்குக் குறையாததால், அதில் 1 சதவீதமான 60,000 ரூபாயைப் பிடித்தம் செய்து வருமான வரித்துறைக்குச் செலுத்திவிட்டு, மீதியை மட்டும் விற்பவரிடம் கொடுங்கள்.