ஞானப்பல் அறுவைக்கு முன்

கேள்வி: கீழ்த்தாடையில் சாய்ந்து முளைத்துள்ள ஞானப்பல்லை அறுவை செய்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். எலும்பு மெலிவு நோய்க்கு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடும் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த மாத்திரையைப் பற்றி அறுவை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், பல்லுக்கும் எலும்பு மாத்திரைக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். இவ்வகை மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வோருக்கு, அரிதாக, பல் எடுத்த இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் நசிந்துபோகக்கூடும் என்பதால், எத்தனை ஆண்டுகளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டும். ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகில் செல்வதால், எக்ஸ்ரேயில் அது எவ்வளவு நெருக்கமாக உள்ளது என்று கேட்டறியுங்கள். அறுவைக்குப் பின் வரும் மரத்துப்போதல் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். மிகச் சிலருக்கே நிலைத்துவிடும்.

வீக்கம் 2 அல்லது 3 நாள் கூடிப் பின் வடிவது இயல்பு. அதற்கு மாறாக, குறைந்துவந்த வலி திடீரென மிகுந்தால், குழியை மூடிய இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். புகைபிடிப்போருக்கு இந்த ஆபத்து அதிகம். காய்ச்சலோடு வீக்கம் பெருகினால் மருத்துவரை அணுகுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.