சிகரெட்டை விட்டொழிக்க வேப் கைகொடுக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்தில் புகைப்பவர்கள் 10 லட்சம் பேருக்கு இலவசமாக வேப் (நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்) கிட் தரும் திட்டத்தை அரசு 2023 ஏப்ரலில் அறிவித்தது. அப்போதிலிருந்து அங்கே வாழும் தமிழர்கள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். இந்த முறை அவர்கள் கேள்விகள் மட்டும்.

கேள்வி: 30 வருடமாகத் தினம் 20 சிகரெட். ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) வேப் எழுதித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஏன்? (ஹாரோ)

அவர் மேல் தப்பில்லை. மருந்தாக உரிமம் பெற்ற வேப் எதுவும் பிரிட்டன் சந்தையில் இல்லை. அதனால் மாத்திரை போலச் சீட்டில் எழுத முடியாது. உங்கள் கவுன்சில் நடத்தும் புகைநிறுத்தச் சேவைக்கு ஃபோன் செய்யுங்கள். கிட் தருகிறார்களா, எங்கே வந்து வாங்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அங்கே ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்ப்பார்கள். 10-க்குக் கீழே வந்தால் புகைக்காதவர் கணக்கில் சேர்வீர்கள். அந்த எண் வாரத்துக்கு வாரம் இறங்குவதைப் பார்ப்பதே தனித் தெம்பு. கிட்டை வாங்கிக்கொண்டு ஆலோசகரைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

கேள்வி: வேப் தொடங்கி மூன்று வாரம். ஆனாலும் நாளைக்கு ஐந்தாறு சிகரெட் போகிறது. 20-லிருந்து குறைந்ததே நல்லதுதானே? (ஈஸ்ட் ஹாம்)

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதயத்தைப் பொறுத்தவரை, கால்வாசியாகக் குறைத்தால் ஆபத்தும் கால்வாசியாகிவிடாது. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிக்கும் ஆணுக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடுதலாக உள்ள மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. வேப்பும் சிகரெட்டும் கைக்கு ஒன்றாக இருக்கும்வரை உடம்புக்குப் பெரிய லாபமில்லை.

பெரும்பாலும் காரணம் மன உறுதிக் குறைவு அல்ல, நிகோடின் பற்றாக்குறை. நிகோடின் பற்றிய பயத்தில் 3, 6 மில்லிகிராம் திரவத்தில் தொடங்குகிறார்கள். காலையில் கண் விழித்ததும் பற்றவைக்கும் ஆளுக்கு அது எந்த மூலைக்கு? பிரிட்டனில் சட்டப்படி உச்ச அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம். அதில் தொடங்கிப் பிறகு இறக்கலாம். சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக, நீளமாக இழுங்கள். அப்படியும் போதவில்லையா, நிகோடின் பேட்ச் ஒன்றும் ஒட்டிக்கொள்ளலாம், ஆலோசகரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு பேயை ஓட்டி இன்னொரு பேயைக் குடிவைப்பதுதானே இது?

கொஞ்சம் உண்மைதான். இங்கிலாந்தின் புகைநிறுத்தச் சேவைகளில் 886 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஒரு வருடம் கழித்து, வேப் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள். பேட்ச், சூயிங்கம் போன்றவை வாங்கியவர்களில் 9.9 சதவீதம். ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பேய் போகவில்லை, சின்னப் பேயாக மாறியிருக்கிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லாத பேய் என்பதால், புகைப்பவருக்கு இந்த மாற்றம் லாபம் என்றே சொல்வேன். புகைக்கவே புகைக்காத உங்கள் காலேஜ் பையனுக்கு? வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தம்பி மனநோய்க்குக் குளோசபின் சாப்பிடுகிறான். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாற ஆசைப்படுகிறான்.

மாறட்டும். ஆனால் விடும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தயவுசெய்து. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு இந்த மருந்தை வேகமாகக் கரைக்கின்றன. இதற்குக் காரணம் புகை, நிகோடின் அல்ல. அதனால் வேப் இழுத்தாலும் அந்த முடுக்கம் நின்றுவிடும். அதே மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு சில நாட்களிலேயே ஏறி, ஆபத்தாகவும் முடியலாம். ரத்தப் பரிசோதனை செய்து அளவை அவர்கள் குறைப்பார்கள்; நீங்களாகக் குறைக்கக் கூடாது. இன்னொரு மனநோய் மருந்தான ஒலான்சபின், ஆஸ்துமா போன்ற மூச்சு நோய்களுக்கான தியோபிலின் இரண்டுக்கும் இதே கதைதான். காப்பிக்கும்கூட! புகையை விட்டதும் படபடப்பு, தூக்கமின்மை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாளைக்கு எத்தனை காப்பி என்றுதான்.

கேள்வி: டிசம்பரில் சென்னைக்குப் போகிறேன். வேப் கொண்டுபோகலாமா?

கூடாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் இ-சிகரெட் விற்பனையோடு இறக்குமதிக்கும் தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழியில் சிங்கப்பூரில் இறங்கினால் அங்கேயும் கையில் வைத்திருப்பதே குற்றம். பேட்ச், நிகோடின் சூயிங்கம் எடுத்துப்போங்கள். சூயிங்கத்தைச் சாதாரண பபிள்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கல்தான் வரும். காரம் தெரியும்வரை மென்று, வெற்றிலையை அதக்குவதுபோல் கன்னத்தில் அதக்கிக்கொள்ளுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லலாம்.