சுற்றுச்சூழல் அறிவு ஒரு நிறுவனத்தின் இலாபத்தைக் கூட்டுமா?

கூட்டும், ஆனால் அந்த அறிவு அன்றாட நடைமுறையாக மாறினால் மட்டுமே. சுற்றுச்சூழல் அறிவு என்பது, தான் பயன்படுத்தும் நீரும் எரிபொருளும் மூலப்பொருளும் எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு வீணாகின்றன, மிச்சம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஒரு நிறுவனம் அறிந்திருப்பதாகும். வெளியே கொட்டப்படும் கழிவு பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய பொருளே என்பதுதான் அடிப்படைக் காரணம். பானையை மூடிச் சோறாக்குபவருக்கு விறகு குறைவாகச் செலவாவதைப் போன்றது இது.

இலங்கையின் அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு தொன் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். அதைத் தெருவோரத்தில் குவித்து எரித்தால் புகையும் அயலவரின் முறைப்பாடும்தான் மிச்சம். அதையே நெல் அவிக்கும் உலையில் இட்டால் விறகுக்கான செலவு மீதமாகிறது. நெல் ஊறவைத்த நீர் இதைவிடக் கவனிக்க வேண்டியது, ஏனெனில் அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் அழுகி நாறுவதோடு மீன்களுக்கு வேண்டிய ஒட்சிசனையும் குறைத்துவிடும். அந்த வாய்க்கால் பாயும் வயல்களின் நெல்தான் அடுத்த போகத்தில் அதே ஆலைக்கு வருகிறது. நீரைச் சுத்திகரிக்கும் தொட்டி உடனே பணம் தராது என்பது உண்மையே. ஆயினும் அது தவிர்க்கக்கூடிய செலவன்று என்பதே என் கருத்து.

இரசாயனத்தை அடியோடு நிறுத்துவதே சூழல் அக்கறை என்று பலர் எண்ணுகின்றனர்; ஆனால் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, அடுத்து வந்த பெரும்போக விளைச்சல் வீழ்ச்சியடைந்து, ஆலைகளுக்கு வரும் நெல்லும் குறைந்தது.