பிறந்து ஒன்பது நாளான குதிரைக்குட்டிக்குக் கழிச்சல். டாக்டரைக் கூப்பிடணுமா, ஒரு நாள் பார்க்கலாமா?

பெங்களூருக்கு வெளியே சின்ன லாயம், நேற்றிலிருந்து குட்டிக்குத் தண்ணியாகப் போகிறது, டாக்டர் வந்து சேர நேரமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் லாயத்துக்குப் போய் முதலில் தாயின் மடியைப் பாருங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சிவாஜிநகரிலிருந்து வந்துபோன வயதான சைஸ் (குதிரை பராமரிப்பவர்) ஒருவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "குட்டி வாலையே பாத்துட்டு நிக்காத தம்பி, தாயோட மடியப் பாரு" என்பார். நன்றாக இருக்கும் குட்டி ஒரு மணி நேரத்தில் பல தடவை மடிக்குப் போகும். மடி கல் மாதிரி விம்மி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டுகிறது என்றால் குட்டி குடிப்பதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். 50 கிலோ குட்டி ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டருக்கு மேல் பால் குடிக்கும். அது நின்று, கழிச்சலும் சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உடம்பு வற்றிவிடும்.

மடி தளர்ந்திருக்கிறது, குட்டி துள்ளுகிறது, உங்களைக் கண்டால் தாய்க்குப் பின்னால் ஓடி ஒளிகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். குட்டி போட்ட ஏழிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் தாய்க்கு மறுபடி சினையாவதற்கான முதல் பருவம் வரும். அதே வாரத்தில்தான் பல குட்டிகளுக்கும் கழியும். 'தாய்க்குச் சூடு, பால் கெட்டுப்போச்சு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் தாய் இல்லாமல் புட்டிப்பாலில் வளரும் குட்டிக்கும் அதே வயதில் கழிகிறது, அதனால் பாலைக் குற்றம் சொல்ல முடியாது. புல்லைக் கடித்துப் பழகி, தாயின் லத்தியையும் தின்று, குடலில் நல்ல கிருமிகள் குடியேறும் காலம் அது. (லத்தி தின்பதைத் தடுக்காதீர்கள், அது இயல்புதான்.) சில நாளில் தானாக நின்றுவிடும்.

இதை நம்பித்தான் நான் ஒரு குட்டியைப் பறிகொடுத்தேன். தொட்டபள்ளாப்பூர் சாலையில் நான் வேலை பார்க்கும் லாயத்தில் நடந்தது. மூன்று நாள் குட்டி, சாயங்காலம் இளகலாகப் போனது. 'எல்லாக் குட்டிக்கும் வருவதுதானே' என்று அல்சூரில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். விடிகாலை வந்தபோது தாயின் பின்னங்கால் முழுக்கப் பால் வழிந்து காய்ந்திருந்தது. குட்டி எழவில்லை. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். சீம்பாலிலிருந்து வர வேண்டிய எதிர்ப்புச் சக்தி அதற்கு மிகக் குறைவாக இருந்தது. இரவில் பிறந்த குட்டி, தானாகக் குடித்திருக்கும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும், 24 மணி நேரம் கழிந்தால் குடல் அதை ரத்தத்துக்குள் விடாது. மறுநாள் குட்டி போய்விட்டது. அதன் பிறகு ஐந்து நாளுக்கு உட்பட்ட குட்டிக்குக் கழிச்சல் என்றால், அது எவ்வளவு துள்ளினாலும், நான் காத்திருப்பதில்லை.

உங்கள் குட்டிக்கு ஒன்பது நாள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 99 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. அதற்கு மேலே போனாலும் கீழே இறங்கினாலும் ஆபத்துதான். கழிச்சலில் ரத்தம், வயிறு உப்பல், ஈறு ஒட்டுகிற மாதிரி காய்வது, கண் குழிவிழுவது, படுத்தே கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி எத்தனை மணி ஆனாலும் டாக்டரை எழுப்புங்கள். அவர் வர முடியாவிட்டால் ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு, தாயையும் சேர்த்தே வண்டியில் ஏற்றுங்கள்.

மனிதர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கிருமியால் வந்த கழிச்சலாக இருந்தால் விஷத்தை உள்ளேயே அடைத்துவைத்த கதையாகிவிடும். உப்புச் சர்க்கரைத் தண்ணீரைத் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றவும் வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். டாக்டர் சொல்லாமல் பாலையும் நிறுத்தாதீர்கள்.

வேறு குட்டிகள் இருந்தால் அவற்றையெல்லாம் முடித்துவிட்டு இந்தக் குட்டியைக் கடைசியாகக் கவனியுங்கள். கழிச்சலை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒரே வாரத்தில் லாயம் முழுக்கப் பரவும். மண்வெட்டி, வாளி எல்லாம் தனி. சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும், அதனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள். தாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாளாச்சு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பால் வழியாகவே குட்டிக்கு இறங்கும் புழு ஒன்று உண்டு.

பின்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்ல ஒற்றித் துடைத்து, வாசலின் தடவிவிடுங்கள். இல்லாவிட்டால் தோல் வெந்து முடி கொட்டும். கொட்டினாலும் திரும்ப முளைத்துவிடும். மடி எப்படி இருக்கிறது, காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், இன்று ராத்திரி விழித்துத்தான் இருப்பேன்.