விசாரணைக்கு அழைத்துப்போன தம்பி 'என்கவுன்ட்டரில்' இறந்தால் குடும்பம் செய்ய வேண்டியவை

கேள்வி: இரண்டு நாட்களுக்கு முன் போலீசார் என் தம்பியை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். இன்று, 'அவன் தீவிரவாதி, பிடிக்கப் போனபோது சுட்டான், திருப்பிச் சுட்டோம்' என்கிறார்கள். உடலை வாங்கி உடனே எரித்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: எரிக்காதீர்கள். உங்கள் வழக்கம் தகனம்தான் என்றாலும் இந்த முறை அடக்கம் செய்யுங்கள். பின்னால் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவானால் தோண்டி எடுக்க உடல் இருக்க வேண்டும்.

பரிசோதனை இன்னும் முடியவில்லையென்றால் இப்போதே எழுத்துமூலம் மனு கொடுங்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் போலீஸ் என்கவுன்ட்டர் மரணங்களை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் 16 நெறிமுறைகள் வகுத்தது. அதன்படி மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயும் கேளுங்கள். குண்டு நுழைந்த காயத்தைச் சுற்றித் தோல் கருகியிருந்தாலோ, வெடிமருந்துத் துகள் புள்ளிபுள்ளியாகப் பதிந்திருந்தாலோ, அது கிட்டத்தில் வைத்துச் சுட்டது. தூரத்திலிருந்து சண்டை நடந்தது என்ற கதை அங்கேயே உடைந்துவிடும். அவர் போட்டிருந்த சட்டையைக் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள், துவைத்தால் சான்று போய்விடும். முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். தீவிரவாதி என்ற சொல் யாருக்கும் கொல்லும் உரிமை தருவதில்லை. கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான பலத்தைப் போலீஸ் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றச்சாட்டு இல்லாதவரைக் கைதின்போது கொல்ல அந்த அதிகாரம் இடம் தராது என்கிறது பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 43-வது பிரிவு. உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 38-வது பிரிவில், அதாவது பயங்கரவாத அமைப்பில் உறுப்பினர் என்ற குற்றச்சாட்டில், அதிகபட்சத் தண்டனையே 10 ஆண்டுகள்தான். எனவே எந்தப் பிரிவில் அவரைத் தேடினார்கள் என்று முதலில் பாருங்கள். 'உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டோம்' என்றால் அதற்கான சூழல் இருந்தது என்று காட்டுவது சுட்டவர் பொறுப்பு. தேவைக்கு மீறிய தாக்குதலைத் தற்காப்புரிமை காப்பாற்றாது.

உங்கள் வழக்கின் உயிர்நாடி, அவர் முன்பே போலீஸ் கையில் இருந்தார் என்பது. அது நிரூபணமானால் இது காவல் மரணம். பி.என்.எஸ்.எஸ். 196(2)-ன்படி நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும். வாகனத்தைப் பார்த்த அண்டை வீட்டாரின் வாக்குமூலம், தெருக் கேமரா, அவரது செல்போன் அழைப்பு விவரம் எல்லாவற்றையும் பாதுகாக்க மனுப் போடுங்கள். காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியார் கேமராக்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும், அங்கே இன்றே போங்கள்.

பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கை இறந்தவர் மேல் கொலை முயற்சி என்று மட்டும் பதிவாகும், பிறகு அவர் இறந்துவிட்டார் என்று வழக்கு மூடப்படும். அதை ஏற்காதீர்கள். மரணத்தையே விசாரிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். விசாரணையைச் சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையக் குழுவோ நடத்த வேண்டும். சுட்ட துப்பாக்கிகள் ஆய்வுக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். இவை நடக்கவில்லையென்றால் அந்தப் பகுதியின் அமர்வு நீதிபதியிடம் நீங்களே புகார் தரலாம். மறு பரிசோதனைக்கும் விசாரணையை மாற்றவும் உயர் நீதிமன்றத்தை அணுகுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கான புகாரை ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு மனுவுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.