டியர்டிராப் டிரெய்லரை வீட்டில் கட்டுவோரின் கேள்விகள்: ஆக்சில், கூரை வளைவு, மழைநீர், காற்று

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை எடையையும் ஈரத்தையும் பற்றியவை. அவை முதலில் எழ வேண்டிய கேள்விகளே. கார் இழுத்துச் செல்லும் இந்தச் சிறிய படுக்கையறையைக் கட்டும்போது நேரும் மற்றப் பிழைகளைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஆக்சிலை (சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டை) தவறான இடத்தில் பற்றவைத்துவிட்டாலோ, சுவருக்குள் நீர் புகும் வழியை விட்டுவைத்து மேலே தகடு போட்டு மூடிவிட்டாலோ, கட்டியதையே பிரிக்க வேண்டிவரும். ஆகவே அவ்விரண்டுக்கும் விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எட்டு அடி நீளமுள்ள உடற்பகுதிக்குச் சரியாக நடுவில் ஆக்சிலை வைக்கத் திட்டமிட்டுள்ளேன். பின்பகுதியில் சமையல் மேடை வருகிறது. இது சரியா?

பதில்: சரியில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு எப்போதும் கப்ளர் (காரின் கொக்கியைக் கவ்விப் பிடிக்கும் முன்முனைப் பூட்டு) வழியாகக் காரின் கொக்கியின்மேல் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த அழுத்தம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது நல்லது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அது மிகவும் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, காரையே சாலையிலிருந்து திருப்பிவிடக்கூடிய ஆபத்து அது. நடுவில் ஆக்சிலை வைத்து, பின்னால் அடுப்பும் தண்ணீரும் பாத்திரங்களும் ஏற்றும் அமைப்பு இந்த ஆபத்தை நேராக அழைக்கிறது.

இடத்தை ஊகிக்க வேண்டாம், கணக்கிடுங்கள். சேசிஸ் (அடிச்சட்டம்), தரை, சுவர், கூரை, மெத்தை, பேட்டரி, அடுப்பு, தண்ணீர் என ஒவ்வொரு பொருளின் எடையையும், கப்ளரிலிருந்து அதன் நடுப்புள்ளி இருக்கும் தூரத்தையும் ஒரு பட்டியலாக எழுதி, இரண்டையும் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்பது கிடைக்கும். மொத்தம் 600 கிலோ, கப்ளருக்கும் ஆக்சிலுக்கும் இடையே 3 மீட்டர், ஈர்ப்பு மையம் ஆக்சிலுக்கு 36 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொண்டால், கப்ளரில் விழும் எடை 600 × 0.36 ÷ 3, அதாவது 72 கிலோ. மொத்த எடையில் 12 சதவீதம். உங்கள் காரின் கையேட்டில் கொக்கி தாங்கும் உச்ச எடை என்று ஓர் எண் இருக்கும். 12 சதவீதம் என்ற கணக்கு சரியாக வந்தாலும் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது.

இதே கணக்கு, பயணத்தின்போது ஏற்றும் பொருள்களுக்கும் பொருந்தும். ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 20 லிட்டர் தண்ணீரை வைத்தால் கப்ளர் எடையில் 8 கிலோ குறைந்துவிடும். இந்தக் காரணத்தால்தான் ஆக்சிலை முதலிலேயே பற்றவைத்துவிடாமல், சில துளைகள் முன்பின்னாக விட்ட தாங்கிகளில் போல்ட் போட்டுப் பொருத்தும்படி நான் வலியுறுத்துகிறேன். கட்டி முடித்து, பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, டிரெய்லரைத் தரைக்கு மட்டமாக நிறுத்தி, கப்ளரின் கீழே ஒரு மரக்கட்டையும் அதன் கீழே உடல் எடை பார்க்கும் சாதாரண எடைமானியும் வைத்தால், உண்மையான கப்ளர் எடை தெரிந்துவிடும். தேவையானால் ஆக்சிலை ஒரு துளை நகர்த்தி இறுக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ரப்பர் டார்ஷன் ஆக்சில் நல்லதா, பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) ஆக்சிலா? பாதுகாப்புக்காக 1,500 கிலோ தாங்கும் ஆக்சிலையே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டு வகையும் நன்றாக வேலை செய்யும். டார்ஷன் ஆக்சிலில் சதுரக் குழாய்க்குள் அடைத்திருக்கும் ரப்பர் தண்டுகள் நசுக்கப்பட்டு அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு சக்கரமும் தனியே அசைவதால் ஓட்டம் மென்மையாக இருக்கும், ஆனால் ரப்பர் தளர்ந்துபோனால் பெரும்பாலும் ஆக்சிலையே மாற்ற வேண்டும். பட்டைச் சுருளை எளிய பட்டறையிலும் பழுது பார்க்கலாம்.

அளவுக்கு மீறிய தாங்குதிறன் பாதுகாப்பு அன்று. 600 கிலோ டிரெய்லருக்கு 1,500 கிலோ ஆக்சில் போட்டால் சுருள் அசையவே அசையாது. ஒவ்வொரு மேடுபள்ளமும் நேராக மரக்கூட்டுக்குள் ஏறி, ஸ்குரூக்களையும் பசை மூட்டுகளையும் தளர்த்தும். ஏற்றிய மொத்த எடைக்குமேல் 20 முதல் 30 சதவீதம் கூடுதலாக இருந்தால் போதும். பிரேக் தேவையா என்பதை உங்கள் நாட்டு விதியில் பார்த்துவிட்டு ஆக்சிலை வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம்.

கேள்வி: சுவருக்கு 18 மி.மீ. பிளைவுட்டை அப்படியே பயன்படுத்துவதா, இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே ஃபோம் வைப்பதா?

பதில்: 18 மி.மீ. பிளைவுட் ஒரு முழுத் தாள் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். ஃபோம் வைத்த சுவர் அதைவிடக் குறைந்த எடையில் முடியும் என்றாலும், அதன் உண்மையான பயன் வெப்பத் தடுப்பில்தான் இருக்கிறது. 20 மி.மீ. தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரின்) ஃபோம், 18 மி.மீ. மரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். முதன்முறை கட்டுபவருக்கு நான் சொல்லும் வழி இவ்விரண்டுக்கும் நடுவிலானது. 18 மி.மீ. பலகையில் பக்கச் சுவரின் முழு வடிவத்தை வெட்டிக்கொண்டு, ஓரங்களிலும் கதவு, ஜன்னல், அலமாரி பொருந்தும் இடங்களிலும் மட்டும் மரத்தை விட்டுவைத்து, மற்ற இடங்களை ஜன்னல்போலத் திறந்து ஃபோமால் நிரப்பி, இருபுறமும் 3 மி.மீ. பலகை ஒட்டிவிடலாம். இப்படிச் செய்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வளைவில் அமைவதும் எளிது; இரண்டு பலகைகளையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி, ஒரே மூச்சில் வெட்டித் தேய்த்துவிடலாம்.

கேள்வி: முன்பக்க வளைவில் 6 மி.மீ. பிளைவுட்டை வளைத்தபோது வெடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு 6 மி.மீ. பலகைக்குப் பதிலாக இரண்டு 3 மி.மீ. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், 6 மி.மீ. பலகை 3 மி.மீ. பலகையைவிட எட்டு மடங்கு விறைப்பானது. மெல்லிய இரண்டைத் தனித்தனியே வளைப்பது எளிது, வளைந்த நிலையில் பசை காய்ந்ததும் அவை ஒரே தடித்த பலகையாகி வளைவைத் தாமே பிடித்துக்கொள்ளும். மேல்பரப்பின் மர ரேகை வளைவுக்குக் குறுக்காக, அதாவது டிரெய்லரின் அகலவாக்கில் ஓடுமாறு வைத்தால் வளைவது இன்னும் இலகுவாகும். வளைவு மிகவும் கூர்மையாக இருந்தால் பலகையை வெந்நீரால் நனைத்து, பட்டைகளால் சிறிது சிறிதாக இழுத்துக் கட்டி, முழுதும் உலரவிட்டு, அதன் பிறகே பசையிடுங்கள். கூரையின் குறுக்குச் சட்டங்களை வளைவுப் பகுதியில் நெருக்கமாக வைக்காவிட்டால், அவற்றுக்கு இடையே பலகை தட்டையாக நின்று வெளித்தோற்றம் பட்டை பட்டையாகத் தெரியும்.

கேள்வி: கூரை ஓரம் முழுவதும் சிலிக்கோன் பூசியிருந்தும் இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் உட்புறம் கறுத்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: கறுத்த இடத்துக்கு நேர் மேலே நீர் புகுந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு ஸ்குரூத் துளையில் நுழையும் நீர் பலகையின் விளிம்பு வழியே நெடுந்தூரம் பரவி, வேறோர் இடத்தில்தான் தன்னை வெளிக்காட்டும். முதலில் ஓரங்களை மறைக்கும் மூடுபட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். கூர்மையான கருவியால் குத்தினால் இறங்கும் மரத்தை வெட்டி எடுக்காமல் மேலே பூசி மூடுவதில் பயனில்லை.

காரணம் பெரும்பாலும் கூரையை மூடும் அலுமினியத் தகட்டின் அசைவு. இரவுக் குளிருக்கும் உச்சிவெயிலில் தகடு ஏறும் சூட்டுக்கும் இடையே 50 டிகிரி வேறுபாடு இருந்தால், 2.4 மீட்டர் நீளத் தகடு ஏறத்தாழ 2.8 மி.மீ. நீளும். கீழே உள்ள மரம் அந்த அளவுக்கு நீளாது. ஆகவே ஒவ்வொரு நாளும் அந்த ஓரம் இழுபட்டுத் தளர்கிறது. வெளியே கோடாக இட்ட சிலிக்கோன் சில மாதங்களில் ஒரு விளிம்பை விட்டு விலகிவிடும், அதன் எச்சத்தின்மேல் வேறு பெயின்டோ பசையோ பிடிக்காது என்பது கூடுதல் தொல்லை. தகட்டை முழுப் பரப்பிலும் ஒட்டாமல், ஓரங்களில் மட்டும் பிடித்து, தகட்டிலுள்ள ஸ்குரூத் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, மூடுபட்டையின் அடியில் பியூட்டைல் டேப்பை (ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் பட்டையை) இடைவெளியின்றி வைத்து இறுக்குங்கள். பியூட்டைல் கெட்டியாகிவிடாமல் இளகிய நிலையிலேயே இருப்பதால் தகட்டின் அசைவுக்கு ஈடுகொடுக்கும். இறுக்கிய சில நாள்களில் அது பிதுங்கி அடங்கும், அப்போது ஸ்குரூக்களை மறுபடி இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட வேண்டும்.

டேப் கைவிட்டாலும் மரம் தப்ப வேண்டும் என்பதே என் கொள்கை. ஸ்குரூ போகும் ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பிசினால்) நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவே மீண்டும் சிறு துளை போட்டால், அங்கே நுழையும் நீர் மரத்தைத் தொடவே முடியாது. பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள் அதன் பரப்பைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சுவதால், எபாக்சியை அங்கே இரண்டு மூன்று முறை, உறிஞ்சுவது நிற்கும்வரை பூசுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்சியைச் சிதைக்கும் என்பதால் வெளியே தெரியும் இடங்களில் அதன்மேல் பெயின்ட் கட்டாயம். தரைப்பலகையின் அடிப்புறத்தைச் சேசிஸில் ஏற்றும் முன்பே பூசி முடித்துவிடுங்கள். சக்கரம் வாரி அடிக்கும் நீர் முழுவதும் அங்கேதான் வருகிறது, ஏற்றிய பிறகு கை போகாது.

கேள்வி: பின்பக்கச் சமையல் மூடியைக் கழற்றிய உடனே அதன் வளைவு விரிந்துவிட்டது; இப்போது அடியில் இடைவெளி தெரிகிறது.

பதில்: வளைத்து ஒட்டிய வெளிப்பலகை மீண்டும் நேராக முயல்கிறது, அதைத் தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. மூடியின் விலா எலும்புகளை, அதாவது வளைந்த உட்சட்டங்களை, சுவரின் அதே வளைவில் வெட்டி, மூடியை அதன் இடத்திலேயே வைத்துக் கட்டி, வெளிப்பலகையோடு உட்பலகையையும் ஒட்டி, பசை முழுதும் இறுகிய பிறகே கழற்ற வேண்டும். இருபுறமும் மூடப்பட்ட பெட்டியாகிவிட்டால் அது விரியாது, முறுக்கிக்கொள்ளவும் செய்யாது. உங்கள் மூடியில் உட்பலகை இன்னும் போடவில்லை என்றால், அதைத் திரும்பப் பொருத்தி, பட்டைகளால் இழுத்து இறுக்கிக்கொண்டு உட்பலகையை ஒட்டிப் பாருங்கள்; சிறிய இடைவெளியாக இருந்தால் சரியாகிவிடும்.

கேள்வி: குளிர் இரவில் கதவு, ஜன்னல், கூரைத் திறப்பு எல்லாவற்றையும் மூடிவிட்டு, சிறிய கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துத் தூங்கலாமா?

பதில்: எக்காரணம் கொண்டும் கூடாது. இந்த அறைக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 3 கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர் மட்டுமே. தூங்கும் இருவர் மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுவார்கள். காற்று வரவே வழியில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் அதன் அளவு வெளிக்காற்றில் உள்ள 0.04 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்தை எட்டிவிடும். எரியும் எதையும் வைக்காத நிலையிலேயே கணக்கு இப்படி. அதில் தீயையும் சேர்த்தால் ஆக்சிஜன் குறைந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகும். தூங்குபவரை அது எழுப்பாது.

கூரையில் ஒரு திறப்பும், தாழ்வான இடத்தில் மூட முடியாத ஒரு காற்றுவழியும் அமையுங்கள். சுவரில் நீர் முத்து முத்தாகப் படிவதையும் இதுவே பெருமளவு குறைக்கும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விடும், எரியும் பகுதி முழுதும் மூடப்பட்ட ஹீட்டர்கள் மட்டுமே ஏற்கத்தக்கவை. அவற்றோடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும் என்பதால் சிலிண்டரை அறைக்கு வெளியே வைத்து, அந்தப் பெட்டியின் அடியில் திறப்பு விடுங்கள். சமையல் பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவிலுள்ள சுவரில் வயர் போகும் துளையைக்கூட அடைத்துவிடுங்கள்.

கேள்வி: 100 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் வரும்?

பதில்: 45 வாட் குளிர்பெட்டி நாளில் 40 சதவீத நேரம் ஓடினால் 432 வாட்-மணி; 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் விசிறி எட்டு மணி நேரத்துக்கு 192; விளக்குகளுக்கும் போன்களுக்கும் ஏறத்தாழ 55; ஆகமொத்தம் 680 அளவில் வரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருப்பதால் ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும். அதே அளவுள்ள லெட்-ஆசிட் பேட்டரியில், அதன் ஆயுளைக் காக்கப் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்பதால், ஒரு நாளே முழுதாக வராது. லித்தியம் வகையை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. எந்த வகையாயினும் முதல் ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே இருக்கட்டும். அதற்கு முன்னால் உள்ள வயருக்கு எந்தக் காப்பும் கிடையாது.

கேள்வி: முதல் பயணத்தில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில்: புறப்படும் முன் விளக்குகள், பாதுகாப்புச் சங்கிலிகள், கப்ளர் பூட்டு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். முதல் 20 கிலோமீட்டரில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை மெல்ல அருகில் கொண்டுசென்று சூட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மற்றதைவிட மிகவும் சூடாக இருந்தால் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள், அல்லது கிரீஸ் போதவில்லை. புதிய சக்கரங்களின் நட்டுகள் ஓட ஓடச் சற்றுத் தளரும் என்பதால், 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவியால்), குறிப்பிட்ட அளவுக்கு, எதிரெதிர் வரிசையில் மீண்டும் இறுக்குங்கள். ஆக்சில் தாங்கிகளின் போல்ட்டுகளையும் அதே நிறுத்தத்தில் பார்த்துவிடுங்கள்.