அந்தக் கல்வெட்டில் எங்கள் ரீச்சரைக் காணவில்லை

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை எங்களுக்குத் தமிழ் கற்பித்த ரீச்சர் கடந்த புரட்டாதியில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வீட்டார் கொடுத்த கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, வாசித்தேன். அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம் என்றெல்லாம் இருந்தது, ரீச்சரைத்தான் காணவில்லை. ஆண்டுத் திவசத்துக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் வெளியிடப் போகிறோம். பக்கவாதத்தில் பல வருடம் படுத்திருந்த கணவரைப் பராமரித்ததையும், சனசமூக நிலையத்திலும் ஊரிலும் அவர் செய்த பணிகளையும் பற்றி இரண்டு பக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. முடிந்தால் ஒரு வெண்பாவும் வேண்டுமாம். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒற்றுப் பிழைக்கு அடிமட்டத்தால் விரலில் தட்டியவரைப் பற்றிப் பிழையோடு எழுதிவிடுவேனோ என்ற பயம் வேறு. என்ன செய்யலாம்?

பி.கு.: 1995இல் போரால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது ரீச்சர் எங்கள் வகுப்பின் கட்டுரைக் கொப்பிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மீசாலைக்கு வந்தார். இதெல்லாம் எழுதத் தகுந்ததா தெரியவில்லை.

– பழைய மாணவன், கோண்டாவில்

பதில்: அன்புள்ள தம்பி, எழுதத் தகுந்ததா என்று கேட்டுக் கடிதத்தின் அடியில் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கட்டுரை. மேலே எழுதியதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து யாழ்ப்பாண நகரையும் நம் ஊர்களையும் கொண்ட வலிகாமமே கிழக்கே மீசாலை இருக்கும் தென்மராட்சிக்கு நகர்ந்த அந்த நெரிசலில், மழையில், யார் எதைக் கையில் எடுத்தார்கள் என்பதில் அந்த வீட்டின் கதை முழுவதும் இருக்கிறது. நகை, காணி உறுதி, அடையாள அட்டை, அரிசி, பிள்ளைக்குப் பால்மா. படுத்த படுக்கையான கணவர் உள்ள வீட்டில் இவற்றோடு இன்னும் எத்தனையோ சாமான். அவ்வளவுக்கும் இடையில் திருத்தி முடிக்காத கொப்பிக் கட்டொன்றுக்கு இடம் கொடுத்தவருக்குப் ‘பண்பின் சிகரம்’ என்ற பட்டம் எதற்கு?

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அந்தத் தொழில் இங்கே உங்களுக்கு உதவும். எத்தனை கொப்பிகள்? நனையாமல் எதில் சுற்றியிருந்தார், உரப்பையிலா, பழைய மழைக்கோட்டிலா? கரியரில் கொப்பி இருந்தால் கணவர் எப்படி வந்தார், யார் தூக்கினார்கள்? மீசாலையில் யார் வீட்டு விறாந்தையில் இருந்து மிச்சத்தைத் திருத்தினார்? மண்ணெண்ணெய் ஆனைவிலை குதிரைவிலை விற்ற காலம். ஜாம் போத்தல் விளக்கிலா, பகலிலா? உங்கள் கொப்பி எப்போது கைக்கு வந்தது? தலைப்பு என்ன, எத்தனை புள்ளி? உங்களுக்கு நினைவில்லாததை வகுப்பில் கூட இருந்தவர்களிடம் கேளுங்கள். ஒருவர் பச்சை உறை என்பார், மற்றவர் நீலம் என்பார். இருவர் சொல்வதையும் எழுதலாம், குடி முழுகாது.

கல்வெட்டை அதிகம் குறை சொல்லாதீர்கள். அது அவசரத்தில் பிறப்பது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து மூச்சு விடுவதற்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். திதி வெண்பா, பஞ்சபுராணம், புலம்பல், வெளிநாட்டிலிருந்து வரும் அனுதாபச் செய்திகள், நன்றி நவிலல் எல்லாவற்றையும் கோத்து முப்பத்தோராம் நாள் வாசலில் வைத்துக் கொடுக்கும்போது, போன மாதம் பக்கத்து வீட்டுக் கல்வெட்டில் இருந்த சொற்களே இதற்குள்ளும் வந்து குந்திவிடும். துக்கத்தில் இருக்கிற வீட்டிடம் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. உங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. மாதக்கணக்கில் அவகாசம் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் உண்டு. ஆண் ஆசிரியர் காலமானால் மலரில் அதிபர், கோயில் பரிபாலன சபைத் தலைவர், சமாதான நீதவான் என்று பதவிகள் வரிசை கட்டி நிற்கும். பெண் ஆசிரியர் என்றால் கணவருக்கேற்ற துணைவி, விருந்தோம்பலில் சிறந்தவர் என்று இரண்டு வரியில் அடுப்படிக்குள் அனுப்பிவிடுவார்கள். உங்கள் ரீச்சர் சனசமூக நிலையத்தில் என்ன செய்தார்? பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கினாரா? வாணி விழாவுக்கு நாடகம் எழுதினாரா? நிர்வாக சபையில் இருந்தாரா, இருந்தால் எந்த ஆண்டுகளில்? கூட்டக் குறிப்புப் புத்தகம் கறையான் அரிக்காமல் இருந்தால் அதிலே அவர் கையெழுத்து இருக்கும். போய்ப் பாருங்கள்.

‘ஊரில் செய்த பணிகள்’ என்று ஒரே வரியில் கடந்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்களில் ஒரு தமிழ் ரீச்சர் வீட்டு வாசலில் பின்னேரத்தில் யார் யார் வந்து நின்றார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். ஓய்வூதியப் படிவத்தோடு ஒருவர், வெளிநாட்டு மகனுக்குக் கடிதம் எழுதுவிக்க ஒரு கிழவி, காணாமற்போன பிள்ளையைத் தேடி மனு எழுதுவிக்க ஒரு தாய். உங்கள் ரீச்சரிடமும் அப்படி வந்திருந்தால் அதை எழுதுங்கள். ஆனால் அந்தத் தாயிடம் நேரில் போய்க் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். சம்மதம் இல்லாமல் பெயரோ ஊரோ போடவேண்டாம். ஒரு மலருக்காக இன்னொருவர் வீட்டுத் துயரத்தை அச்சேற்றக் கூடாது.

குடும்பப் பகுதியை நீங்கள் ஊகித்து எழுதவேண்டாம். பிள்ளைகளிடம் கேளுங்கள். ‘அம்மா எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். காலையில் எத்தனை மணிக்கு எழும்பினார், அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு முதல் பாடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார், அவர் பாடசாலையில் இருந்த நேரத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு தீத்தியது யார் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் விடை ஒரு மாமியாகவோ மூத்த மகளாகவோ இருக்கும். அவருக்கும் இரண்டு வரி கொடுங்கள். ஊருக்கு உழைத்தவர் வீட்டில் இன்னொருவர் சத்தமில்லாமல் உழைத்திருப்பார். மலர்களில் அவர் பெயர் வருவதேயில்லை.

அடிமட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். தட்டினார், நொந்தது என்று எழுதுங்கள். ‘அன்று அடி வாங்கியதால்தான் இன்று மனிதனாக நிற்கிறேன்’ என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அடி வாங்கிப் பள்ளிக்கூடத்தையே விட்டவர்களும் அதே வகுப்பில் இருந்திருப்பார்கள். அடித்த கைதான் கொப்பியையும் காப்பாற்றியது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், வாசிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

வெண்பாவை மறந்துவிடுங்கள். தளை தட்டிய வெண்பாவை விடத் தமிழ் ஆசிரியருக்குப் பெரிய அவமரியாதை இல்லை. நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நன்னூல் சொல்லும் நல்லாசிரியர் இலக்கணத்தையும் இழுக்காதீர்கள். எந்த ஆசிரியர் மலரைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே அந்த நான்கும் காத்திருக்கின்றன. உரைநடையில் எழுதுவது குறைவு என்று நினைக்க வேண்டாம். நல்லூர் ஆறுமுக நாவலரை (1822–1879) ‘வசனநடை கைவந்த வல்லாளர்’ என்று போற்றினார் தமிழறிஞர் பரிதிமாற்கலைஞர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே பாலபாடங்களை எளிய வசனத்தில் எழுதியவர் நாவலர். அந்த ஊர்க்காரர் நீங்கள், கூச்சம் எதற்கு?

பிழைக்குப் பயந்து எழுதாமல் இருந்தால் ரீச்சர் பூச்சியம்தான் போட்டிருப்பார். எழுதி முடித்து, அவரிடம் உங்களோடு படித்து இன்று தமிழ் கற்பிக்கிற யாரிடமாவது கொடுங்கள். சிவப்புப் பேனையோடு திருத்தட்டும். அச்சகத்தின் படிப்பிரதியை நீங்களே ஒரு தடவை எழுத்தெண்ணிப் பாருங்கள், குறிப்பாகத் தலைப்பெழுத்துகளையும் ஆண்டுகளையும். பிறந்த ஆண்டு, பயிற்சி பெற்ற கலாசாலை, கற்பித்த பாடசாலைகள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற விவரங்கள் ஓரிடத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் போயின. ஒரு கிராமத்தில் யார் எப்போது கற்பித்தார் என்று இன்று தேடுகிறவருக்குப் பல வேளைகளில் அகப்படுவது இப்படியான மெல்லிய மலர்தான். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் ஏற்றி வருகிறது. நினைவு மலர்களையும் சேர்க்கிறது. அங்கே ஒரு பிரதி அனுப்புங்கள், பொது நூலகத்துக்கு ஒன்று, சனசமூக நிலையத்துக்கு ஒன்று.

பாடசாலைக்குக் கொடுக்கும் பிரதியை மேடையில் பொன்னாடையோடு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது அதிபர் அறை அலுமாரிக்குள் போய்விடும். நூலகப் பொறுப்பாசிரியர் கையில் நேரே கொடுத்து, அவர் பதிவேட்டில் இலக்கம் போடும் வரை நின்றுவிட்டு வாருங்கள்.